மாத்திரை ஒன்றுதான், சோதனை ஏன் இத்தனை? ரத்தப் புற்றுநோய் மருந்து ஆய்வு: வாசகர் கேள்வி பதில்

ஏ.எம்.எல். எனப்படும் தீவிர ரத்தப் புற்றுநோய்க்கு, மரபணுக் கோளாறைக் குறிவைக்கும் மாத்திரைகள் கடந்த சில ஆண்டுகளாக ஒவ்வொன்றாக வந்துகொண்டிருக்கின்றன. அவற்றைச் சோதிக்கும் ஆய்வுகளில் சேர்ந்தால் என்ன நடக்கும் என்று கேட்டு வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு எங்கள் மருத்துவக் குழு பதில் தருகிறது. கீழே வரும் எண்கள் அந்தந்த ஆய்வுக்கும் மருந்துக்கும் உரியவை. உங்கள் விஷயத்தில் உங்கள் கையில் கொடுக்கப்பட்ட ஒப்புதல் படிவம் சொல்வதுதான் கணக்கு.

என் அண்ணனுக்கு வயது 46. கீமோ முடித்து வீட்டுக்கு வந்தவருக்கு ஏ.எம்.எல். திரும்பிவிட்டது. மாத்திரை ஆய்வு ஒன்றில் சேர்க்கலாம் என்கிறார் டாக்டர். ஆனால் மறுபடி எலும்பு மஜ்ஜை எடுத்து மரபணு பார்க்க வேண்டுமாம். முதலிலேயே பார்த்தாயிற்றே?
— ம.செ., திண்டுக்கல்

அப்போது பார்த்தது அப்போதைய நோயை. ஏ.எம்.எல்.லில் ஒரே வகைச் செல் மட்டும் இருப்பதில்லை. பல கிளைகள் கலந்திருக்கும். கீமோவில் ஒரு கிளை அழிந்து, மற்றொன்று பிழைத்துப் பெருகித் திரும்பலாம். முதலில் இருந்த எஃப்.எல்.டி.3 மாற்றம் இப்போது இல்லாமல் போயிருக்கலாம். இல்லாதவருக்குப் புதிதாக வந்திருக்கவும் கூடும். அதனால் திரும்பிய நோயில் மறுபரிசோதனை கட்டாயம்.

எஃப்.எல்.டி.3 என்பது ரத்த மூலசெல்களின் மேல் இருக்கும் ஒரு ஏற்பி. 'பெருகு' என்ற சமிக்ஞையை உள்ளே கடத்துவது அதன் வேலை. அந்த மரபணுவில் மாற்றம் வந்தால், வெளியிலிருந்து எதுவும் வந்து தூண்டாமலே ஏற்பி ஓயாமல் இயங்கும். ஏ.எம்.எல். நோயாளிகளில் ஏறக்குறைய 30 சதவீதம் பேரிடம் இந்த மாற்றம் உண்டு. கில்டெரிடினிப் போன்ற மாத்திரைகள் அந்த ஏற்பியின் உட்பகுதியில் போய் அமர்ந்து அதை அடைக்கின்றன. அடைக்க வேண்டியதே இல்லாதவருக்கு அந்த மாத்திரையால் பெரிய பயன் இருக்காது. கில்டெரிடினிப்பின் முதல் ஆய்வில் மாற்றம் உள்ளவர்களுக்கு 80 மி.கி.யும் அதற்கு மேலும் கொடுத்தபோது 52 சதவீதம் பேரிடம் நோய் ஏதோ ஒரு அளவில் பின்வாங்கியது. மாற்றம் இல்லாதவர்களிடம் அது 12 சதவீதம்தான்.

ரிப்போர்ட்டில் 'பாசிட்டிவ்' என்ற சொல்லோடு நின்றுவிடாதீர்கள். ஐ.டி.டி. வகையா (மரபணுவின் ஒரு துண்டு இரட்டிப்பாவது), டி.கே.டி. வகையா (ஏற்பியின் உட்பகுதியில் வரும் சிறு மாற்றம்) என்று பாருங்கள். கில்டெரிடினிப் இரண்டையும் அடக்கும், குவிசார்டினிப் என்ற இன்னொரு மாத்திரை ஐ.டி.டி. வகைக்கு மட்டும்தான். ஆய்வின் மையப் பரிசோதனைக்கூடம் சொல்லும் முடிவையே ஆய்வுக் குழு ஏற்கும் என்பதால், வெளியே செய்த ரிப்போர்ட் இருந்தாலும் மாதிரி மறுபடி போகும். ஊசியில் மஜ்ஜை வராமல் வறண்டு போனால் பயப்பட வேண்டாம். ரத்தத்தில் போதுமான பிளாஸ்ட் செல்கள் (முதிராத புற்றுசெல்கள்) இருந்தால் கை ரத்தத்திலேயே பார்த்துவிடலாம். முடிவு வரும்வரை வெள்ளையணு எகிறாமல் இருக்க ஹைட்ராக்சியூரியா கொடுப்பார்கள். அது ஆய்வு மருந்து அல்ல, இடைக்கால ஏற்பாடு.

கில்டெரிடினிப் தினமும் 40 மி.கி. மாத்திரை மூன்று என்கிறார்கள். ஏன் மூன்று? நோய் கடுமையாக இருந்தால் ஆறு கொடுக்கக் கூடாதா?
— இரா. க., மன்னார்குடி

அந்த 120 மி.கி.க்குப் பின்னால் கிரிசாலிஸ் என்ற ஆய்வு இருக்கிறது. மொத்தம் 252 பேர். 20 மி.கி.யில் தொடங்கி 40, 80, 120, 200, 300, 450 என்று ஏழு படிகள் ஏறினார்கள்.

இப்படிப் படியேற்றுவதற்கு வழக்கமான ஒரு முறை உண்டு. ஒரு அளவில் மூன்று பேரைச் சேர்ப்பார்கள். பெரும்பாலும் முதல் 28 நாள் கவனிப்பு. யாருக்கும் தாங்க முடியாத பக்கவிளைவு வரவில்லையென்றால் அடுத்த படி. ஒருவருக்கு வந்தால் அதே அளவில் இன்னும் மூன்று பேர். இருவருக்கு வந்தால் அந்த அளவு கைவிடப்படும். அதற்குக் கீழ்ப்படிதான் உச்ச வரம்பு. ரத்தப் புற்றுநோயில் இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. மற்றப் புற்றுநோய்களில் தட்டணு சரிவதை மருந்தின் நஞ்சு என்று எழுதிவிடலாம். இங்கே நோயாளி வரும்போதே தட்டணு பத்தாயிரம், இருபதாயிரம் என்றுதான் இருக்கும். குறைத்தது நோயா மருந்தா என்று எப்படிப் பிரிப்பது? அதனால் மஜ்ஜையில் புற்றுசெல் ஒழிந்த பிறகும், ஆறு வாரம் வாக்கில் ஆகியும் அணுக்கள் ஏறாமல் இருந்தால்தான் மருந்தின் மேல் பழி போடுவது வழக்கம்.

கிரிசாலிஸில் 450 மி.கி. எடுத்த மூவரில் இருவருக்குத் தாங்க முடியாத பக்கவிளைவு வந்தது: கடும் வயிற்றுப்போக்கு, ஏ.எஸ்.டி. என்ற ஈரல் என்சைம் ஏற்றம். எனவே உச்சம் 300 மி.கி. என்று முடிவானது. பழைய கீமோ மருந்தாக இருந்திருந்தால் அந்த 300-ஐயே எடுத்துக்கொண்டு அடுத்த கட்டத்துக்குப் போயிருப்பார்கள். இங்கே அப்படிச் செய்யவில்லை. நோயாளிகளின் ரத்தத்தை எடுத்து, ஏற்பி எந்த அளவு அடைபட்டிருக்கிறது என்று அளந்தார்கள். 80 மி.கி.யிலிருந்தே எட்டாம் நாளில் 90 சதவீதத்துக்கு மேல் அடைபட்டுவிட்டது. அதற்கு மேல் ஏற்றினால் கூடுவது பக்கவிளைவுதான். ஆளுக்கு ஆள் உடலில் சேரும் அளவு மாறும் என்பதால் சற்று இடம் விட்டு 120 மி.கி. வைத்தார்கள். குறைக்க வேண்டி வந்தால் 80. அடுத்து நடந்த அட்மிரல் ஆய்வில் பலன் தெரியாதவர்களுக்கு 200 வரை ஏற்ற அனுமதி இருந்தது. அதுவும் ஆய்வு மருத்துவர் சொல்லித்தான். வீட்டில் எடுக்கும் முடிவல்ல.

சேர்ந்தால் எனக்கு உண்மையான மாத்திரை கிடைக்குமா, இல்லை வெறும் மாவு மாத்திரையா? குலுக்கல் என்று சொல்லும்போதே மனம் ஒப்பவில்லை.
— பெயர் வேண்டாம், காரைக்குடி

திரும்பி வந்த ஏ.எம்.எல்.லில் வெறும் மாவு மாத்திரையை மட்டும் கொடுத்து யாரையும் விட்டுவைப்பதில்லை. அட்மிரல் ஆய்வை எடுத்துக்கொள்ளுங்கள். 371 பேர், 247 பேருக்கு கில்டெரிடினிப், 124 பேருக்கு கீமோ. அதாவது மூவரில் இருவருக்குப் புது மருந்து. கீமோவுக்கு நான்கு திட்டங்கள் இருந்தன: இரண்டு கடுமையானவை, இரண்டு மிதமானவை. இதில் ஒரு நுட்பம். குலுக்கலுக்கு முன்பே, 'இவருக்குக் கீமோ விழுந்தால் எந்தத் திட்டம்' என்று மருத்துவர் எழுதிப் பதிவு செய்துவிட வேண்டும். குலுக்கிய பிறகு தேர்ந்தெடுக்க விட்டால், தெம்பில்லாதவருக்கு லேசான கீமோவைக் கொடுத்து ஒப்பீடே கோணலாகிவிடும்.

மாவு மாத்திரை வருவது, வழக்கமான சிகிச்சையோடு கூடுதலாக மாத்திரையைச் சேர்க்கும் ஆய்வுகளில். புதிதாக நோய் கண்டவர்களுக்கு நடந்த குவான்டம்-ஃபர்ஸ்ட் ஆய்வில் 539 பேருக்கும் முழு கீமோ உண்டு. அதன்மேல் ஒரு பாதிக்கு குவிசார்டினிப், மறுபாதிக்கு மாவு மாத்திரை. அதில் சேர்ந்த யாருக்கும் வழக்கமான சிகிச்சை குறையவில்லை.

மனம் ஒப்பவில்லை என்றால் சேராமல் இருப்பது முழுக்க உங்கள் உரிமை. ஆனால் 'மாத்திரை விழுந்தால் இருப்பேன், கீமோ விழுந்தால் போய்விடுவேன்' என்ற எண்ணத்தோடு கையெழுத்திடாதீர்கள். அட்மிரலில் கீமோ விழுந்த 124 பேரில் 15 பேர் ஒரு டோஸ்கூட எடுக்கவில்லை. இப்படிப் போகிறவர்கள் கூடினால் ஆய்வு முழுவதுமே பழுதாகும். அப்படி நடந்ததற்கு உதாரணம் கீழே இன்னொரு பதிலில் வருகிறது.

ஆய்வு நர்ஸ் வீட்டில் இருக்கும் எல்லா மருந்தையும் பையில் போட்டுக் கொண்டுவரச் சொன்னார். அல்சர் மாத்திரை, கஷாயப் பொடி உட்பட. இது என்ன கெடுபிடி?
— சு.வே., திருச்செங்கோடு

கெடுபிடி இல்லை. மாத்திரை ஆய்வில் அதிகம் சறுக்கும் இடம் இதுதான் என்பது எங்கள் கருத்து. நரம்பில் ஏற்றும் மருந்து நேராக ரத்தத்தில் கலக்கிறது. மாத்திரை குடலைக் கடந்து, ஈரலைக் கடந்து வர வேண்டும். இந்த வகை மாத்திரைகளில் பலவற்றைச் சிதைப்பது சிப்-3ஏ4 என்ற ஒரே என்சைம். அதை முடக்கும் பொருள் எதைச் சாப்பிட்டாலும் மாத்திரை உடலில் தேங்கும். முடுக்கும் பொருளைச் சாப்பிட்டால் மாத்திரை வேலை செய்யும் முன்பே கரைந்து போகும்.

ஏ.எம்.எல். நோயாளிக்கு வெள்ளையணு குறைவு. பூஞ்சைத் தொற்று உயிருக்கே உலை. அதனால் போசகோனசோல், வோரிகோனசோல் போன்ற தடுப்பு மருந்துகள் பெரும்பாலும் கூடவே இருக்கும். அவைதான் அந்த என்சைமின் மிக வலுவான முடக்கிகள். இட்ரகோனசோலோடு எடுக்கும்போது கில்டெரிடினிப்பின் மொத்த அளவு உடலில் இரண்டு மடங்குக்கு மேல் ஆகிறது; ஃப்ளூகோனசோலோடு சுமார் 40 சதவீதம் கூடுகிறது. ரெவுமெனிப் ஆய்வைப் பாருங்கள். கே.எம்.டி.2ஏ மரபணு இடம் மாறியவர்களுக்கும் என்.பி.எம்.1 மாற்றம் உள்ளவர்களுக்குமான இந்த மாத்திரையை ஆக்மென்ட்-101 என்ற ஆய்வில் இரண்டு தனிப்பிரிவாகவே சோதித்தார்கள். வலுவான முடக்கி எடுக்காதவர்களுக்கு 276 மி.கி., எடுப்பவர்களுக்கு 163 மி.கி., தினம் இரு வேளை. 2024 நவம்பரில் அமெரிக்காவில் ஒப்புதல் கிடைத்தபோதும் 40 கிலோவும் அதற்கு மேலும் எடையுள்ளவர்களுக்கு 270, 160 என்று இரண்டு அளவுகளாகவே வந்தது. பூஞ்சை மருந்தை நீங்களாக நிறுத்தினாலும், பக்கத்து டாக்டர் புதிதாக எழுதினாலும் டோஸ் கணக்கு தலைகீழாகிவிடும் என்று இதிலிருந்தே புரியும்.

எதிர்த்திசையில் நம் ஊரில் கவனிக்க வேண்டியது காசநோய் மருந்து. ரிஃபாம்பிசின் எடுத்தால் கில்டெரிடினிப்பில் சுமார் 70 சதவீதம் காணாமல் போகிறது. பழைய காசநோய்க்கு மருந்து ஓடிக்கொண்டிருந்தால் முதல் சந்திப்பிலேயே சொல்லிவிடுங்கள். வலிப்பு மருந்துகளான ஃபெனிடாயின், கார்பமசெபின் இரண்டும் இதே கணக்கில் சேரும்.

அல்சர் மாத்திரை எல்லாவற்றோடும் சண்டை போடுவதில்லை. ஏ.எல்.எல். என்ற வேறொரு தீவிர ரத்தப் புற்றுநோயில், பிலடெல்பியா குரோமோசோம் என்ற கோளாறு உள்ளவர்களுக்குத் தரும் டாசாடினிப் வயிற்றில் அமிலம் இருந்தால்தான் கரையும். அதோடு ஒமெப்ரசோல், ஃபேமோடிடின் ஆகாது. ஆன்டாசிட் என்றால் இரண்டு மணி நேரம் முன்னே பின்னே. கில்டெரிடினிப்புக்கு அந்தத் தொல்லை இல்லை.

சாப்பாடும் மருந்துக்கு மருந்து மாறும். கில்டெரிடினிப் வெறும் வயிற்றிலும் எடுக்கலாம், சாப்பிட்டும் எடுக்கலாம். ரெவுமெனிப்புக்கு வெறும் வயிறு, அல்லது கொழுப்புக் குறைந்த சிற்றுண்டி. ஐ.டி.எச். என்ற மரபணு மாறியவர்களுக்கான ஐவோசிடெனிப்பைக் கொழுப்பு மிகுந்த சாப்பாட்டோடு எடுத்தால் ரத்தத்தில் அதன் உச்ச அளவு ஏறக்குறைய இரட்டிப்பாகும். எனவே அந்த மாத்திரையும் பிரியாணியும் ஒரே வேளையில் வேண்டாம். நெய் ரோஸ்டும் அப்படியே. இட்லியோடு எடுத்தால் பிரச்சினை இல்லை, தேங்காய்ச் சட்னியை அள்ளிப் போட்டுக்கொள்ளாமல் இருந்தால். கிரேப்ஃப்ரூட், அதன் உறவான பம்பளிமாஸ் இரண்டையும் ஆய்வு முடியும்வரை தொடாதீர்கள்.

கஷாயப் பொடி பற்றி எங்கள் கருத்து நேரடியானது. அதில் எந்த மூலிகை எவ்வளவு இருக்கிறது என்று பொட்டலத்தில் இருக்காது. ஈரல் என்சைம் ஏறினால் காரணம் பொடியா மாத்திரையா என்று கண்டுபிடிக்க முடியாமல், நல்ல மாத்திரையை நிறுத்த வேண்டி வரும். ஒளிக்காமல் பையில் போட்டுக் கொண்டுபோங்கள்.

ஒரு வேளை மறந்துவிட்டால்? வாந்தியில் மாத்திரை வந்துவிட்டால்? காலிப் புட்டியைக்கூடத் திருப்பிக் கேட்கிறார்கள்.
— ஜெ.ஆ., நாகர்கோவில்

தினம் ஒரு வேளை எடுக்கும் கில்டெரிடினிப் என்றால், நினைவு வந்தவுடன் அதே நாளில் எடுக்கலாம். ஆனால் அடுத்த வேளைக்கு 12 மணி நேரமாவது இடைவெளி வேண்டும். காலை 8 மணி வேளையை மறந்து இரவு 10 மணிக்கு நினைவு வந்தால் விட்டுவிடுங்கள். மறுநாள் இரட்டையாக எடுக்காதீர்கள். இந்த மருந்து உடலில் பாதியாகக் குறையவே சுமார் 113 மணி நேரம் ஆகும். ஒரு வேளை போனதால் குடி முழுகாது. வாந்தியில் வந்ததற்கு ஈடாக இன்னொன்றைப் பொதுவாக எடுக்கச் சொல்வதில்லை. எவ்வளவு உள்ளே போயிற்று என்று யாருக்கும் தெரியாதே. நேரத்தைக் குறிப்பேட்டில் எழுதினால் போதும்.

புட்டியும் மீதி மாத்திரையும் எண்ணத்தான். கொடுத்தது, உண்டது, மிச்சம் மூன்றும் ஒத்துப்போக வேண்டும். மாத்திரைகளை வாராந்திர டப்பாவுக்கு மாற்றாதீர்கள். எண்ணிக்கையும் குழம்பும், ஈரமும் புகும். ரத்த மாதிரி எடுக்கும் நாளில் மாத்திரையை வீட்டில் போட்டுக்கொண்டு வந்துவிடுவது அடிக்கடி நடக்கிற தவறு. மாத்திரைக்கு முந்தைய ரத்தம், பிறகு 1, 2, 4, 6 மணி நேரம் என்று வரிசையாக எடுப்பார்கள். முதல் மாதிரி தவறினால் அன்றைய முழுப் பட்டியலும் வீண்.

மாத்திரை தொடங்கிய மூன்றாம் வாரம் என் கணவருக்குக் காய்ச்சல், மூச்சிரைப்பு, கால் வீக்கம். நிமோனியா என்று ஆன்டிபயாடிக் போட்டார்கள். அதோடு ஸ்டீராய்டும் ஏற்றினார்கள். கிருமி இருக்கும்போது ஸ்டீராய்டு சரியா?
— ப.தே., ஈரோடு

சரியாகத்தான் செய்திருக்கிறார்கள். இந்த மாத்திரைகள் கீமோவைப் போலச் செல்லை அங்கேயே கொல்வதில்லை. வளர்ச்சி நின்று கிடந்த புற்றுசெல்களைப் பல நேரம் முதிரவைக்கின்றன. ஒரே சமயத்தில் பெருங்கூட்டமாக முதிர்ந்த அந்தச் செல்கள் நுரையீரலிலும் திசுக்களிலும் புகுந்து, அழற்சிப் பொருள்களைக் கொட்டுகின்றன. இதற்கு டிஃபரன்ஷியேஷன் சிண்ட்ரோம் என்று பெயர். ஏ.எம்.எல்.லின் ஏ.பி.எல். என்ற உள்வகைக்கு ஏ.டி.ஆர்.ஏ. என்ற மாத்திரை வந்த காலத்திலேயே தெரிந்த தொல்லை இது. எஃப்.எல்.டி.3, ஐ.டி.எச்., மெனின் (ரெவுமெனிப் போன்றவை) தடுப்பு மாத்திரைகள் எல்லாவற்றிலும் உண்டு.

அறிகுறிகள்: காய்ச்சல், மூச்சிரைப்பு, நுரையீரலைச் சுற்றியோ இதயத்தைச் சுற்றியோ நீர், சட்டென்று எடை ஏறுவது, ரத்த அழுத்தம் சரிவது, தோல் தடிப்பு, கிரியாட்டினின் உயர்வு. எக்ஸ்ரேயில் நிமோனியாவுக்கும் இதற்கும் வித்தியாசம் தெரியாது. கல்ச்சர் முடிவு வரும்வரை காத்திருந்தால் நேரம் கடந்துவிடும். எனவே சந்தேகம் வந்த மாத்திரத்தில் இரண்டுக்கும் சேர்த்தே சிகிச்சை: ஆன்டிபயாடிக் ஒரு பக்கம், டெக்ஸாமெத்தசோன் 10 மி.கி. 12 மணிக்கு ஒரு முறை நரம்பு வழியாக மறுபக்கம், குறைந்தது மூன்று நாள். வெள்ளையணு எகிறியிருந்தால் ஹைட்ராக்சியூரியா. ஸ்டீராய்டு போட்டு 48 மணி நேரம் கழித்தும் கடுமை அடங்கவில்லை என்றால் மாத்திரையை நிறுத்திவைப்பார்கள். மாத்திரையை நிறுத்துவது மட்டும் போதாது. முன்பே சொன்ன 113 மணி நேரக் கணக்கால், நிறுத்திய பிறகும் மருந்து பல நாள் உடலில் இருக்கும். ஸ்டீராய்டை அவசரமாக நிறுத்தினால் தொல்லை திரும்பும்.

இது எப்போது வரும் என்று சொல்ல முடியாது. கில்டெரிடினிப்பில் இரண்டாம் நாளே வந்தவர்கள் உண்டு. 82 நாள் கழித்து வந்தவரும் உண்டு. வீட்டில் செய்யக்கூடியது எளிது. தினமும் காலையில் ஒரே நேரத்தில் எடை பாருங்கள். இரண்டு மூன்று நாளில் இரண்டு கிலோவுக்கு மேல் ஏறினாலோ, படுத்தால் மூச்சு முட்டினாலோ, அடுத்த சந்திப்புத் தேதிக்குக் காத்திராமல் ஆய்வு எண்ணுக்கு அழையுங்கள். உள்ளூர் மருத்துவமனைக்கு ஓட வேண்டி வந்தால், ஆய்வில் கொடுத்த அட்டையைக் காட்டி இந்தப் பெயரைச் சொல்லுங்கள். அங்கே இருப்பவர்களுக்கு முதலில் நிமோனியாதான் தோன்றும்.

மஞ்சள் காமாலை மாதிரி கண் மஞ்சளாகிவிட்டது. ஈரல் கெட்டுவிட்டதா?
— வாசகர், தஞ்சாவூர்

நீங்கள் எடுப்பது ஐ.டி.எச். தடுப்பு மாத்திரையான எனசிடெனிப் என்று எழுதியிருக்கிறீர்கள். பிலிருபினைப் பதப்படுத்தும் என்சைமை அது தடுப்பதால், ஈரல் நன்றாக இருந்தாலும் பிலிருபின் மட்டும் ஏறும். மற்ற ஈரல் எண்கள் இயல்பாக இருந்தால் மாத்திரை தொடரும். இயல்பின் மூன்று மடங்குக்கு மேல் இரண்டு வாரம் நீடித்தால் 100 மி.கி.யை 50 ஆக்குவார்கள். ஆனாலும் ரத்தம் கொடுத்து உறுதி செய்துகொள்ளாமல் இருக்காதீர்கள்; எல்லா மஞ்சளும் இந்த மஞ்சள் இல்லை.

நோய் ரத்தத்தில், ஈ.சி.ஜி. எதற்கு வாராவாரம்?
— த.ம., விழுப்புரம்

இதயம் ஒரு துடிப்புக்குப் பிறகு மின்னளவில் பழைய நிலைக்குத் திரும்ப எடுக்கும் நேரத்தை ஈ.சி.ஜி.யில் க்யூ.டி. என்று அளப்பார்கள். இந்த மாத்திரைகள் பலவும் அதை நீட்டுகின்றன. மிக நீண்டால் துடிப்பு தாறுமாறாகி உயிர் போகலாம். ரெவுமெனிப்பின் முதல் ஆய்வில் அளவை ஏற்றவிடாமல் தடுத்ததே இந்தப் பக்கவிளைவுதான். கில்டெரிடினிப்புக்குத் தொடங்கும் முன், 8-ஆம் நாள், 15-ஆம் நாள், பிறகு அடுத்த இரண்டு சுற்றுகளின் (ஒரு சுற்று 28 நாள்) தொடக்கத்தில் ஈ.சி.ஜி. எடுப்பார்கள். க்யூ.டி. 500 மில்லி செகண்டைத் தாண்டினால் மாத்திரை நிற்கும். இறங்கிய பிறகு 80 மி.கி.யில் தொடரும்.

க்யூ.டி.யை நீட்டுவது மாத்திரை மட்டுமல்ல. வாந்திக்குத் தரும் ஒன்டான்செட்ரான், காய்ச்சலுக்குத் தரும் லெவோஃப்ளாக்ஸாசின், பூஞ்சைக்கான ஃப்ளூகோனசோல் எல்லாம் அதையே செய்யும். கூடவே வயிற்றுப்போக்கில் பொட்டாசியமும் மெக்னீசியமும் இறங்கியிருந்தால் ஆபத்து பல மடங்கு. அதனால்தான் ஈ.சி.ஜி.யோடு அந்த இரண்டு உப்புகளையும் பார்க்கிறார்கள். இரண்டு நாளாக வயிற்றுப்போக்கு என்றால் தகவல் சொல்லாமல் இருக்காதீர்கள்.

மாத்திரை வேலை செய்கிறதா என்று எப்போது தெரியும்? ஒரு மாதம் ஆயிற்று, இன்னும் ரத்தம் ஏற்றிக்கொண்டுதான் இருக்கிறோம்.
— ந.கி., சிவகாசி

ஒரு மாதத்தில் கைவிட வேண்டாம். கில்டெரிடினிப் ஆய்வில் நோய் தணிந்தவர்களுக்கு அது தெரிய ஒரு மாதத்துக்குச் சற்றுக் குறைவிலிருந்து ஒன்பது மாதம் தாண்டியும் ஆகியிருக்கிறது. நோய் முற்றாமல், தாங்க முடியாத தொல்லையும் இல்லாமல் இருந்தால் குறைந்தது ஆறு மாதம் தொடரச் சொல்வது இதனால்தான்.

ஆய்வுக்காரர்கள் முதலில் பார்ப்பது மஜ்ஜையில் பிளாஸ்ட் 5 சதவீதத்துக்குக் கீழே போயிற்றா என்பது. அதோடு நியூட்ரோஃபில் என்ற வெள்ளையணு வகை ஆயிரமும் தட்டணு ஒரு லட்சமும் எட்டினால் முழுத் தணிவு. நியூட்ரோஃபில் 500, தட்டணு 50,000 தாண்டினால் பகுதி மீட்சியுடன் கூடிய தணிவு. அட்மிரலில் இந்த இரண்டும் சேர்த்து மாத்திரைப் பிரிவில் 34 சதவீதம், கீமோவில் 15.3 சதவீதம். உங்களுக்கு முக்கியமான இன்னொரு கணக்கும் உண்டு: தொடர்ந்து 56 நாள் ரத்தமோ தட்டணுவோ ஏற்றாமல் இருப்பது. தொடக்கத்தில் ஏற்றிக்கொண்டிருந்தவர்களில் மூவரில் ஒருவருக்கு மாத்திரையால் அது வாய்த்தது.

எண்களைப் பெரிதாக்கிச் சொல்ல மாட்டோம். அட்மிரலில் பாதிப் பேர் உயிரோடு இருந்த காலம் மாத்திரையில் 9.3 மாதம், கீமோவில் 5.6 மாதம். ஓராண்டு கடந்தவர்கள் 37 சதவீதம், எதிர்ப்பக்கம் 17. மாத்திரை தணித்துக் கொடுக்கும் அந்த இடைவெளியில் மஜ்ஜை மாற்று சிகிச்சைக்குப் போக முடிகிறதா என்பதே திரும்பி வந்த நோயில் பெரிய கேள்வி. தம்பி தங்கைகளின் மஜ்ஜை பொருந்துமா என்று காட்டும் எச்.எல்.ஏ. பொருத்தத்தை மாத்திரை தொடங்கும் வாரத்திலேயே பார்க்கச் சொல்லுங்கள். தணிந்த பிறகு தேடத் தொடங்கினால் காலம் போதாது.

குவிசார்டினிப்பை ஜப்பான் ஏற்றது, அதே மாதத்தில் அமெரிக்கா நிராகரித்தது என்று படித்தேன். விஞ்ஞானம் நாட்டுக்கு நாடு மாறுமா?
— ச.பி., கோயம்புத்தூர்

கையில் இருந்த ஆய்வு ஒன்றே. திரும்பிய நோயில் நடந்த குவான்டம்-ஆர் என்ற அதில் 367 பேர். பாதிப் பேர் உயிரோடு இருந்த காலம் மாத்திரைப் பிரிவில் 6.2 மாதம், கீமோப் பிரிவில் 4.7 மாதம் (இந்தப் பதிலில் வரும் மற்ற மாதக் கணக்குகளும் இதே அளவுதான்). 2019 மே மாதம் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பின் ஆலோசனைக் குழு 8-க்கு 3 என்று எதிராக வாக்களித்தது, ஜூனில் நிராகரிப்பு. அவர்கள் உறுத்தலாகப் பார்த்தது, கீமோ விழுந்தவர்களில் ஏறக்குறைய கால்வாசிப் பேர் சிகிச்சையையே தொடங்காமல் போனது. விலகியவர்கள் எப்படிப்பட்டவர்கள் என்று தெரியாதபோது, ஆறு வார வித்தியாசம் மருந்தாலா, விலகலாலா? மாத்திரை எது, கீமோ எது என்று எல்லோருக்கும் தெரிந்த ஆய்வில் இந்த ஓட்டை எப்போதும் இருக்கும். க்யூ.டி. பயமும் சேர்ந்துகொண்டது. பிறகு மாவு மாத்திரையோடு ஒப்பிட்ட குவான்டம்-ஃபர்ஸ்ட் முடிவு வந்தது: 31.9 மாதம், எதிர்ப்பக்கம் 15.1 மாதம். 2023 ஜூலையில் அதே அமெரிக்கா, புதிதாகக் கண்ட ஐ.டி.டி. வகைக்கு ஒப்புதல் தந்தது.

நல்ல மாத்திரையும் ஆய்வில் தோற்கலாம். வெளியே வேறு எஃப்.எல்.டி.3 மாத்திரைகள் கிடைக்கத் தொடங்கிய காலத்தில் நடந்தது லேஸ்விங் ஆய்வு. கில்டெரிடினிப்போடு அசாசிடிடின் என்ற மிதமான கீமோ மருந்து ஒரு பக்கம், வெறும் அசாசிடிடின் மறுபக்கம். வெறும் அசாசிடிடின் பிரிவில் பலர் பிறகு அந்த மாத்திரைகளுக்குப் போனார்கள், முடிவு 9.82 மாதம், 8.87 மாதம். வித்தியாசம் கரைந்துவிட்டது. எனசிடெனிப் கதை வேறு விதம். 2017-இல் ஒப்பிட மறுபிரிவே இல்லாத ஒற்றைப் பிரிவு ஆய்வை வைத்தே அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. பிறகு ஐடென்டிஃபை ஆய்வில் வழக்கமான சிகிச்சையோடு நேருக்கு நேர் வைத்தபோது 6.5 மாதம், 6.2 மாதம். தணிவு விகிதம் நன்றாக இருப்பது ஆயுள் நீளும் என்பதற்கு உத்தரவாதம் அல்ல. செய்தியில் 'பலன் இத்தனை சதவீதம்' என்று வந்தால், எதோடு ஒப்பிட்டு என்று தேடுங்கள். ஒப்பிடவே இல்லை என்றால் அந்த எண்ணை அந்த அளவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இந்தியாவில் ஆய்வில் சேர்ந்தால் செலவு யாருடையது? ஏதாவது ஆகிவிட்டால்? பாதியில் விலகலாமா?
— ஆ.ர., மதுரை

2019-ஆம் ஆண்டின் புதிய மருந்து மற்றும் மருத்துவ ஆய்வு விதிகள்தான் இங்கே சட்டம். ஆய்வால் உடல்நலக் கேடு நேர்ந்தால் இலவச மருத்துவம் தர வேண்டும். கேடு ஆய்வால்தான் என்று முடிவானால் நிறுவனம் இழப்பீடும் தர வேண்டும். இறப்பு நேர்ந்தால் அது நியமனதாரருக்குப் போகும். படிவத்தில் அந்தப் பெயரை வெற்றாக விடாதீர்கள். கடும் பாதிப்பு ஏற்பட்டால் ஆய்வு மருத்துவர் 24 மணி நேரத்துக்குள் அரசுக்கும் நெறிமுறைக் குழுவுக்கும் தெரிவிக்க வேண்டும். உள்ளூர் மருத்துவமனையில் சேர்ந்தாலும் அவருக்கு அன்றே சொல்வது இதற்காகவும்தான்.

படிவம் உங்களுக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும்; கையெழுத்திட்ட நகல் ஒன்று உங்களுக்கு. ஆய்வு மாத்திரை இலவசம் என்று மட்டும் கேட்டு வந்துவிடாதீர்கள். கீமோ விழுந்தால் கீமோவுக்கு யார் பணம், மரபணுப் பரிசோதனை, தட்டணு, பூஞ்சை மருந்து, பயணச் செலவு யாருடையது என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதி வாங்குங்கள். பூஞ்சை மருந்துச் செலவு பலரைத் திகைக்க வைக்கும். ஆய்வு முடிந்த பிறகு மாத்திரை தொடருமா என்பதும் முக்கியம். வேறு சிகிச்சை இல்லை, உங்களுக்குப் பலன் தெரிகிறது என்று ஆய்வு மருத்துவரும் நெறிமுறைக் குழுவும் பரிந்துரைத்தால் நிறுவனம் இலவசமாகத் தொடர்வதற்கு விதிகளில் இடம் இருக்கிறது.

ஆய்வு உண்மையானதா என்று இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். பதிவு எண்ணைக் கேட்டு வாங்கி, இடம், மருத்துவர், நெறிமுறைக் குழு அனுமதி மூன்றையும் சரிபாருங்கள்.

விலகலாம், காரணம் சொல்லத் தேவையில்லை, அதனால் உங்கள் வழக்கமான சிகிச்சை மறுக்கப்படாது. மாத்திரையை மட்டும் நிறுத்துகிறீர்களா, தொலைபேசி விசாரிப்பையும் நிறுத்துகிறீர்களா என்று தெளிவாகச் சொல்லுங்கள். முடிந்தால் கடைசி ரத்தப் பரிசோதனைக்கும் ஈ.சி.ஜி.க்கும் ஒரு முறை வந்துவிட்டுப் போங்கள். மருந்து இன்னும் சில வாரம் உடலில் இருக்கும்.

எனக்கு 29 வயது, மணமாகி ஓராண்டு. கில்டெரிடினிப் நிறுத்தியவுடன் குழந்தைக்கு முயலலாமா?
— பெயர் வேண்டாம், சேலம்

உடனே வேண்டாம். பெண்கள் கடைசி மாத்திரைக்குப் பிறகு ஆறு மாதமும், ஆண்கள் நான்கு மாதமும் கருத்தடை தொடர வேண்டும். கடைசி மாத்திரைக்குப் பிறகு இரண்டு மாதம் தாய்ப்பாலும் கொடுக்கக் கூடாது. முன்பு கீமோ எடுத்திருக்கிறீர்கள் என்பதால், அந்த ஆறு மாதம் முடியும் முன்பே மகப்பேறு மருத்துவரிடம், கருமுட்டை இருப்பைக் காட்டும் ஏ.எம்.எச். பரிசோதனை பற்றிப் பேசிவையுங்கள்.